எட்டு நிமிஷம் எனக்கு, ஏழு நிமிஷம் அவங்களுக்கு

இல்ல சார், ஊசி போட்டு முடிச்சாச்சு. நீங்க கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு வேண்டிக்கிட்டு இருந்தீங்க பாருங்க, அப்பவே முடிஞ்சுது. இப்ப கண்ணைத் திறக்கலாம். நாற்காலிக் கைப்பிடியையும் விட்டுடலாம், அது ஏற்கெனவே ஒரு பக்கம் ஆடுது. உதடு மரத்துப்போக அஞ்சு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் நான் உங்களை ஒண்ணு கேக்கலாமா?

பல்லைப் பத்தி இல்ல. பல்லுக்கு ஒரு குறையும் இல்ல. போன வாரம் பாதி நரம்பை எடுத்தோம், இன்னிக்கு மீதியை எடுத்து, வேரைச் சுத்தம் பண்ணி அடைச்சுட்டா அது கடைசிவரைக்கும் உங்களோட வரும். நான் கேக்கறது வேற. நீங்க கோர்ட்டுல டைப்பிஸ்ட்டுதானே? போன வாரம் வாய் மரத்துக் கிடக்கறப்பவும் விடாம ஒண்ணு சொன்னீங்க. இருபத்தாறு வருஷமா அடுத்தவங்க பேசறதைத் தட்டித் தட்டி, எவன் நெஜம் பேசறான், எவன் கதை விடறான்னு மூணாவது வரியிலயே உங்க விரலுக்குத் தெரிஞ்சிடும்னு. நீங்க ஏதோ பேச்சுவாக்குல சொன்னீங்க. எனக்கு அது அப்படியே மனசுல உட்கார்ந்துக்கிச்சு.

பயப்படாதீங்க சார், எம்மேல கேஸ் எதுவும் இல்ல. ஒரு பேச்சு இருக்கு. ஞாயித்துக்கிழமை பேசணும். நீங்க கேட்டுட்டு எங்க இடிக்குதுன்னு சொன்னாப் போதும்.

எங்க கோயில்லதான். நாங்க கத்தோலிக்கம். கல்யாணம் பண்ணிக்கப் போற ஜோடிங்களுக்கு எங்க கோயில்ல ரெண்டு நாள் வகுப்பு உண்டு, அதுல உட்கார்ந்து எழுந்தாத்தான் கல்யாணம். ஆமா, கட்டாயம். மாப்பிள்ளைங்க எல்லாம் பரீட்சைக்கு வந்த மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. ஒருத்தர் சண்டை போடறது எப்படின்னு பேசுவாரு, ஒருத்தர் மாமியாரைப் பத்திப் பேசுவாங்க. அதுல ஒரு தலைப்பு, உயிரைப் பத்தித் திருச்சபை என்ன சொல்லுதுங்கறது. கருவுல இருக்கிற உயிர்லேர்ந்து கட்டில்ல கிடக்கிற உயிர் வரைக்கும். இத்தனை வருஷமா ஒரு வக்கீல்தான் அதைப் பேசிக்கிட்டு இருந்தாரு. ஒண்ணே முக்கால் மணி நேரம். போன தடவை ஒரு மாப்பிள்ளை நடுவுல எழுந்து பின்வாசல் வழியாப் போயி, டீ குடிச்சு, முடி வெட்டிக்கிட்டு வந்து உட்கார்ந்தான். வக்கீல் இன்னும் முன்னுரையில இருந்தாரு.

அதனால ஃபாதர் ரெண்டு மாசம் முன்னாடி எனக்குப் போன் பண்ணினாரு. டாக்டர், இந்தத் தடவை நீங்களும் உங்க வீட்டுக்காரம்மாவும் சேர்ந்து பேசுங்க, மொத்தம் பதினஞ்சு நிமிஷம்னாரு. ஏன் ஃபாதர் நான், நான் பல்லு டாக்டராச்சேன்னு கேட்டேன். உங்ககிட்ட வந்து உட்கார்ந்தவங்க யாரும் பாதியில எழுந்து போனதில்லையேன்னாரு. பாராட்டுன்னு நெனச்சு ஒத்துக்கிட்டேன். போனை வெச்சப்புறம்தான் யோசிச்சேன்.

எட்டு நிமிஷம் எனக்கு, ஏழு நிமிஷம் அவங்களுக்கு. அப்படித்தான் பிரிச்சோம். பிரிச்சதும் அவங்கதான். கணக்கு டீச்சர்.

உதடு எப்படி இருக்கு? தடிச்சுப் போன மாதிரி இருக்கா? சரி, வாயைத் திறங்க. இன்னும் கொஞ்சம். இன்னிக்கு ஒரு சின்னச் சிரமம் சார், எனக்கு உதவிக்கு இருக்கிற அக்கா லீவு. இருபது வருஷத்துல அவங்க லீவு எடுத்ததை விரல்விட்டு எண்ணிடலாம். மருமகளுக்கு உடம்பு சரியில்லையாம். அதனால எச்சில் உறிஞ்சுற குழாயை நீங்களே பிடிச்சுக்கணும். வலது கையில பிடிங்க. அப்படித்தான், கன்னத்தோரமா. தொண்டைப் பக்கம் விட்டுடாதீங்க, நாக்கைப் பிடிச்சு இழுத்துடும். இடது கை சும்மா இருக்கட்டும். வலிச்சா இடது கையைத் தூக்குங்க, நான் உடனே நிறுத்திடுவேன்.

இது நாலாவது பேச்சு சார். நாலாவது தடவை எழுதினதுன்னு சொல்றேன். முதல் தடவை எழுதினதை ஃபாதர்கிட்டயே போன்ல படிச்சுக் காட்டினேன். மனித உயிர் ஒரு கடைவாய்ப் பல்லைப் போன்றதுன்னு ஆரம்பம். வெளியில தெரியறது கொஞ்சம், உள்ள வேர் ஆழம், ஒண்ணு போனா பக்கத்துல இருக்கறதெல்லாம் சாஞ்சிடும்னு ரொம்ப நல்லா வந்திருந்துச்சு. ஃபாதர் பொறுமையாக் கேட்டுட்டு, டாக்டர், பல்லை விட்டுட்டு ஒரு வரி பேசிக் காட்டுங்களேன்னாரு. அதோட அந்தப் பேப்பரை மடிச்சு வெச்சுட்டேன்.

அப்புறம் அவரே ஒரு புத்தகம் கொடுத்தாரு. கனமான புத்தகம். அதுல ஒரு வாக்கியம் மூணாவது பக்கத்துல ஆரம்பிச்சு அஞ்சாவது பக்கத்துல போய் முடியுது. அதைப் பாத்து ரெண்டாவது பேச்சை எழுதி அக்காகிட்ட படிச்சேன். அவங்க கருவியெல்லாம் கழுவிக்கிட்டே கேட்டாங்க. நல்லாக் கவனிக்கறாங்கன்னு நெனச்சேன், அசையாம நிக்கறாங்களேன்னு. குழாயில தண்ணி வழிஞ்சு காலுக்கு வந்தப்பதான் தெரிஞ்சுது, நின்னுக்கிட்டே தூங்கியிருக்காங்க.

மூணாவதுல சிரிக்க வைக்கலாம்னு பாத்தேன். அதை விடுங்க.

இப்ப கொஞ்சம் சத்தம் வரும். வலிக்காது, சத்தம்தான். நான் பேசிக்கிட்டே செய்யறேன், பேச்சு இருந்தா உங்களுக்கும் சத்தம் தெரியாது. ஆரம்பிக்கட்டுமா?

அன்பான இளம் தம்பதிகளே. இல்ல, அவங்க இன்னும் தம்பதி ஆகலை, ஞாயித்துக்கிழமை ஃபாதர் முன்வரிசையில இருப்பாரு, அங்கயே பிடிச்சுக்குவாரு. அன்பான பிள்ளைகளே. அது இன்னும் மோசம், எனக்கு என்ன அறுபது வயசா. சும்மா வணக்கம்னு வெச்சுக்குவோம். வணக்கம். நான் ஒரு பல் மருத்துவர், என் மனைவி கணக்கு ஆசிரியை. எங்களுக்குக் கல்யாணம் ஆகி இருபத்தொரு வருஷம். நானும் என் மனைவியும் எதையும் மனசுவிட்டுப் பேசிக்கிறவங்க.

என்ன சார், வலிக்குதா? கையைத் தூக்கினீங்களே. வலிக்கலையா? சரி, கூச்சமா இருந்திருக்கும், இருங்க, கொஞ்சம் தண்ணி அடிக்கறேன்.

இந்த இடம் எப்படி இருக்குன்னு கேளுங்க. உயிர்ங்கறது நாம செஞ்சு வெச்ச பொருள் இல்ல, நமக்குக் கொடுக்கப்பட்டது. தாயோட வயித்துல கரு உண்டான நொடியிலேர்ந்து, மூச்சு தானா அடங்குற வரைக்கும் அது ஒரு ஆள். அதனாலதான் திருச்சபை கருக்கலைப்பு கூடாதுன்னு சொல்லுது. அதே வாயாலதான், படுக்கையில கிடக்கிறவங்களைச் சீக்கிரம் அனுப்பி வெச்சுடலாம்ங்கற எண்ணமும் கூடாதுன்னு சொல்லுது. சின்ன ஆள், பெரிய ஆள், வேண்டி வந்த ஆள், வேண்டாம வந்த ஆள்னு கடவுள்கிட்ட தனித்தனி வரிசை கிடையாது.

கிடையாது.

இல்ல சார், மறக்கலை. இந்த இடத்துல வந்தா ஒரு நிமிஷம் நின்னுடறேன், அவ்வளவுதான். வேர் கொஞ்சம் வளைஞ்சிருக்கு, அதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

கூடாதுன்னு சொல்றதோட நிறுத்திக்கலை திருச்சபை. அந்தத் தாயைத் தனியா விடாதேன்னும் சொல்லுது. ஒரு குழந்தை வேணும்னு சொல்றது எளிசு, அதைப் பெத்துக்கப் போறவளுக்குப் பக்கத்துல நிக்கறதுதான் கஷ்டம், அந்தக் கஷ்டத்தை நீ எடுத்துக்கோன்னு புருஷனைப் பாத்துச் சொல்லுது, குடும்பத்தைப் பாத்துச் சொல்லுது, ஊரைப் பாத்துச் சொல்லுது. இது நல்லாருக்கு இல்ல? இது ஃபாதர் சொல்லிக் கொடுத்தது. இன்னொண்ணும் சொன்னாரு. பயமுறுத்துற படம் எதையும் காட்டாதீங்க டாக்டர், யாரையும் தீர்ப்பிடாதீங்க, அந்தக் கூட்டத்துல ஏற்கெனவே அந்த வழியில போய்க் காயப்பட்டு வந்தவங்க யாராவது உட்கார்ந்திருப்பாங்க, அவங்க எழுந்து போறப்ப தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போகக்கூடாதுன்னாரு. நல்ல மனுஷன் சார் அவரு. எனக்கு அன்னிக்கு அது சும்மா ஒரு அறிவுரையாத்தான் தெரிஞ்சுது.

குழாயைக் கொஞ்சம் கீழ இறக்குங்க. ஆங்.

அடுத்து வர்றதுதான் எனக்குப் பெரிய தலைவலி. குழந்தை எப்ப வேணும், எவ்வளவு இடைவெளிங்கறதை மாத்திரை இல்லாம, பொண்ணோட உடம்புக் கணக்கைப் பாத்தே புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்றது. இயற்கை முறைன்னு சொல்லுவாங்க. அதை நான் எடுத்துச் சொல்லணும். இருபத்திரண்டு வருஷமா வாய்க்குக் கீழ ஒண்ணைப் பத்தியும் நான் யார்கிட்டயும் பேசினதில்ல சார். ஒரு படம் வரைஞ்சேன், உடம்புச் சூடு ஏறி இறங்கற கோடு. அக்கா பாத்துட்டு யாருக்குக் காய்ச்சல்னு கேட்டாங்க. அவங்களுக்கு விளக்க ஆரம்பிச்சேன். பாதியில ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தலையைச் சொறிஞ்சுக்கிட்டு வேற வேற ரூமுக்குப் போயிட்டோம்.

அங்க கண்டிப்பா எவனாவது ஒருத்தன் கை தூக்கிக் கேப்பான், டாக்டர், உங்களுக்கு அது பலிச்சுதான்னு. அதுக்குப் பதிலும் எழுதி வெச்சிருந்தேன். எங்க வீட்டுல கணக்கு டீச்சரே இருக்காங்க, பதினாறு வருஷமா கணக்கு ஒரு தடவையும் தப்பலை, அப்படின்னு. கைதட்டல் வரும்னு நெனச்ச இடம் அது.

அந்த வரியை அடிச்சுட்டேன்.

ஏன்னா நேரம் போதலை. எட்டு நிமிஷத்துல எத்தனையத்தான் சொல்றது. அகலமாத் திறங்க சார்.

கடைசியா முடிக்கிற இடம். ஆகவே, இந்தப் போதனையை நாங்க ஏதோ புத்தகத்துல படிச்சுட்டு வந்து சொல்லலை. நானும் என் மனைவியும் இதை வாழ்ந்து பாத்தவங்க.

வலிக்குதா? இல்லையா? பின்ன எதுக்கு சார் கையைத் தூக்கினீங்க?

இருங்க. மரப்பு நல்லாத்தான் இருக்கு, தட்டினாலும் தெரியலைங்கறீங்க. முதல் தடவையும் வலிக்கலை, இப்பவும் வலிக்கலை. நடுவுல அவ்வளவு சத்தத்துல, அந்த வளைஞ்ச வேர்ல கம்பியை விட்டுத் திருகறப்ப, உங்க கை அசையவே இல்ல. தூக்கினது ரெண்டே இடத்துல. நானும் என் மனைவியும், நானும் என் மனைவியும்.

ஓ.

கண்ணால சிரிக்காதீங்க சார். அந்தக் குழாயை எடுங்க, வாயைக் கொப்புளிங்க.

சரி, நீங்க சொன்னது சரிதான். உங்க விரலுக்குத் தெரிஞ்சது என் வீட்டுக்காரம்மா பேனாவுக்கும் தெரிஞ்சிருக்கு. அந்த ரெண்டு வரியிலயும் சிவப்பு மையில கேள்விக்குறி போட்டிருக்காங்க. இப்படித் திருத்தறது மூணாவது பேச்சுலயே ஆரம்பிச்சது, எழுதி சாப்பாட்டு மேசையில வெச்சுட்டு வந்தேன். சாயங்காலம் போய்ப் பாத்தா பரீட்சைப் பேப்பர் திருத்தின மாதிரி திருத்தி அதே இடத்துல இருக்கு. நகைச்சுவை, எங்கே, அப்படின்னு ஒரு குறிப்பு. கூறியது கூறல்னு ஒண்ணு. ஓரத்துல மூணு மார்க். எத்தனைக்கு மூணுன்னு போடலை. வாயைத் திறந்து கேக்கலாம்தான். பதில் வராது. எங்க வீட்டுல இன்னியோட பத்தொம்பது நாளாப் பேச்சு கிடையாது.

ஒரு வார்த்தை கிடையாது சார். பிள்ளைங்க ரெண்டும் காலேஜ் விடுதியில இருக்கறதால அவங்களுக்குத் தெரியாது, போன் வந்தா ஸ்பீக்கர்ல போட்டு ரெண்டு பேரும் மாறி மாறிப் பேசுவோம், ஒருத்தரையொருத்தர் பாக்காம. சாப்பாடு எல்லாம் நேரத்துக்கு வரும். சட்டை தேய்ச்சு இருக்கும். அதுதான் இன்னும் கஷ்டமா இருக்கு. சண்டை போட்டாலாவது பரவாயில்லன்னு தோணும்.

அதேதான் சார், நீங்க கேக்கறதுதான் என் கேள்வியும். பேச்சே இல்லாதப்ப ஞாயித்துக்கிழமை எப்படி? ஃபாதருக்குப் போன் பண்ணி அவங்க வரலைன்னு சொல்லிடலாம்னு நெனச்சேன். அதுக்கு முன்னாடியே அவங்க பண்ணிட்டாங்க. கட்டாயம் வரேன் ஃபாதர், என் ஏழு நிமிஷம் தயாராயிட்டு இருக்குன்னு. பக்கத்து ரூம்ல இருந்து காதுல விழுந்துச்சு. பதினாலு ஜோடி, ஃபாதர், ஒரு மைக்கு, அதுல இவங்க ஏழு நிமிஷம் என்ன சொல்லப் போறாங்கன்னு தெரிஞ்சுக்காம இருக்க முடியலை. நேத்து அவங்க குளிக்கப் போன நேரம் பாத்து அந்தப் பேப்பரைத் தேடி எடுத்தேன். ஆமா, திருட்டுத்தனம்தான், ஒத்துக்கறேன். மேல தலைப்பு, பக்கத்துல ஏழு நிமிஷம்னு எழுதி அடிக்கோடு. கீழ ஒரே ஒரு வரி. இவர் பேசுவதைக் கேட்டபின். அவ்வளவுதான் சார். மீதி வெள்ளை.

எக்ஸ்ரே ஒண்ணு எடுத்துக்குவோம். அசையாதீங்க. ஆங், முடிஞ்சுது. நல்லாருக்கு, மூணு வேரும் சுத்தமா இருக்கு. இனி அடைக்கறதுதான். திறங்க.

காரணமா? காரணம் சொல்றேன். எப்படியும் யார்கிட்டயாவது சொல்லித்தான் ஆகணும், நீங்க வாயை மூட முடியாத நேரமாப் பாத்துச் சொல்லிடறேன்.

ஒரு மாசம் முன்னாடி, காலையில பல்லு தேய்க்கறப்ப ஈறுல ரத்தம் வருதுன்னாங்க. பல்லு டாக்டர் வீட்டுல ஈறுல ரத்தமான்னு எனக்கு ரோஷம். வெளிச்சத்துல உட்கார வெச்சு வாயைத் திறக்கச் சொன்னேன். ஈறெல்லாம் வீங்கி, நல்ல சிவப்பு. நான் என்ன சொன்னேன் தெரியுமா, என்னம்மா இது, மாசமா இருக்கிற பொண்ணுங்களுக்கு வர்ற மாதிரி இருக்கேன்னு. சொல்லிட்டுச் சிரிச்சேன். அவங்க சிரிக்கலை. வாயை மெதுவா மூடிக்கிட்டாங்க. உள்ளுக்குள்ள நாள் எண்றாங்கன்னு முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சுது.

ஆமா சார். அதேதான். நாப்பத்திநாலு வயசு அவங்களுக்கு, எனக்கு நாப்பத்தொம்பது. பொண்ணுக்கு இருபது, பையனுக்குப் பதினெட்டு. உலகத்துலயே பொண்டாட்டி ஈறைப் பாத்துத் தான் அப்பா ஆகப்போறதைக் கண்டுபிடிச்சவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

அதுவரைக்கும் ஒண்ணும் கெட்டுப்போகலை. அடுத்த வாரம் அவங்க தனியாப் போய் ஸ்கேன் எடுத்துட்டு வந்தாங்க, எனக்கு இங்க வேலை இருந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் படத்தை என் கையில கொடுத்தாங்க. கொடுத்துட்டு எம் முகத்தையே பாத்துக்கிட்டு நிக்கறாங்க. நான் அதை வாங்கி, ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்தேன். அது எக்ஸ்ரே இல்ல, சும்மா பேப்பர்ல அச்சடிச்ச படம், வெளிச்சத்துல பிடிச்சா ஒண்ணும் தெரியாது. கை தானாத் தூக்குது. கை தூக்கினா வாய் தானாத் திறக்குது. முதல் நாள் உங்ககிட்டயும் சொன்னேன் சார், கெட்ட பல்லைப் பாத்ததும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்ற வாக்கியம். இதுக்கு மூணு வழி இருக்கு. வெச்சுக் காப்பாத்தலாம். எடுத்துடலாம். இல்ல, கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம். நல்லா யோசிச்சு நீங்களே சொல்லுங்க.

ஆமா, அவங்ககிட்டதான். நீங்கன்னே சொன்னேன்.

ரெண்டாவது வழியைச் சொல்றப்பவே அவங்க முகம் மாறிடுச்சு. பாத்துட்டேன். பாத்தும் மூணாவதையும் சொல்லி முடிச்சேன் சார், நிறுத்தத் தெரியலை. அவங்க என் கையில இருந்து அந்தப் படத்தை வாங்கி, நாலா மடிச்சு, பைக்குள்ள வெச்சுட்டு, பேப்பர் திருத்த உட்கார்ந்துட்டாங்க. அன்னிக்கு மூடின வாய்.

நானும் அப்படித்தான் சார் சொன்னேன், வாய்ப் பழக்கத்துல வந்துடுச்சுன்னு. பத்தொம்பது நாள்ல நாப்பது தடவை சொல்லியிருப்பேன், கதவுகிட்ட, முதுகுகிட்ட, கொடியில காயற துணிகிட்ட. அதுக்குப் பதில் இந்த நாலாவது பேச்சோட கடைசிப் பக்கத்துல வந்துச்சு. சிவப்பு மையில. வாய் தவறி வந்ததா, மனதில் இருந்து வந்ததா? ஒரு வரியில் விடை தருக.

கண்ணுல தண்ணி வருதே சார், சிரிக்கறீங்களா? சிரிங்க, நானே முதல்ல சிரிச்சேன். அப்புறம் பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு வரி வரலை.

ஏன்னா, வாய் தவறி வந்ததுதான். சத்தியமா. ஆனா சொல்லி முடிச்சப்புறம் ஒரு அரை நிமிஷம் இருந்துச்சு சார். அவங்க அந்தப் படத்தை மடிக்கற நேரம். ஐயோ, அதைச் சொல்ல வரலைம்மான்னு நான் அப்பவே சொல்லியிருக்கலாம். சொல்லலை. அந்த அரை நிமிஷம் எனக்குள்ள ஓடினது, இது காலேஜ் போறப்ப எனக்கு அறுபத்தேழு, கை நடுங்கிச்சுன்னா இந்தத் தொழில் போச்சு, ஊரு சிரிக்கும், பொண்ணு என்ன நெனைக்கும், அவங்க உடம்பு தாங்குமா, இப்படியே ஓடிச்சு. ரெண்டாவது வழியை நான் வேணும்னு நெனைக்கலை. வேண்டாம்னும் உடனே சொல்லலை. அவங்க இருபத்தொரு வருஷமா என் முகத்தைப் பாக்கறவங்க, அந்த அரை நிமிஷத்தைப் படிச்சுட்டாங்க. பதினாலு ஜோடிக்கு நான் சொல்லப் போறதையெல்லாம், முதல்ல யாராவது எனக்குச் சொல்லியிருக்கணும் சார்.

இந்தக் கலர் பேப்பரைக் கடிங்க. தேய்ங்க, இடது வலதா. மேடா இருக்கா? கொஞ்சம் இருக்கு, தேய்ச்சு விடறேன். இப்ப? சரியா இருக்கா. அவ்வளவுதான், முடிஞ்சுது. இனி நீங்க தாராளமாப் பேசலாம், வாய் கொஞ்சம் கோணும், பரவாயில்ல.

எனக்கா? எனக்கு எது வேணும்னா கேக்கறீங்க?

இதை இதுவரைக்கும் யாரும் கேக்கலை பாருங்க. நானும் கேட்டுக்கலை. எனக்கு வேணும் சார். பயமா இருக்கு, அன்னிக்கும் பயந்தேன், இப்பவும் பயந்துக்கிட்டுத்தான் இருக்கேன், ஆனா எனக்கு அந்தக் குழந்தை வேணும். நேத்து கடைத்தெருவுல நடந்துபோறப்ப ஒரு சின்னச் செருப்பைப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டேன். கட்டைவிரல் அளவுதான் இருக்கு அது. அதோட அம்மாவையும் பத்திரமா வெச்சுக்கணும், அது அதைவிட வேணும். இது ஒரு வரியில அடங்கலையே.

அதையே சொல்லவா? பேச்சுல எழுதி வெச்சிருக்கேன் சார், நாலாவது பக்கத்துல, நாசூக்கா, ஒரு நண்பருக்கு நடந்த மாதிரி. ம். ஆமா, அது கோழைத்தனம்தான். உங்க கோர்ட்டுல தினம் நாலு பேர் நண்பருக்கு நடந்ததாத்தான் சொல்லுவாங்களா? சொல்லுவாங்க, சொல்லுவாங்க.

உங்களுக்கு மரப்பு போக ரெண்டு மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் எதையும் மெல்லாதீங்க, கன்னத்தைக் கடிச்சுக்குவீங்க. சூடா எதுவும் வேண்டாம். நாளைக்கு லேசா வலிச்சா இந்த மாத்திரை. பையை எடுத்துக்குங்க, கண்ணாடி அங்க இருக்கு பாருங்க.

இல்ல சார், ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கே. எனக்கு அவசரம் அதுக்கில்ல. மகப்பேறு டாக்டரம்மா அவங்களை, இந்த மாதிரி நேரத்துல ஈறைக் கவனிக்காம விடக்கூடாது, உடனே ஒரு பல்லு டாக்டரைப் பாருங்கன்னு அனுப்பியிருக்காங்க. அவங்களும் அக்காவுக்குப் போன் பண்ணி, எல்லா நோயாளியையும் போல பேரைக் கொடுத்து நேரம் வாங்கியிருக்காங்க. நாலு மணி. உங்களுக்கு அடுத்தது. நீங்க உள்ள வர்றப்ப வெளியில ஓரத்து நாற்காலியில, மடியில பேப்பர் கட்டை வெச்சுத் திருத்திக்கிட்டு ஒருத்தங்க உட்கார்ந்திருந்தாங்களே, பாத்தீங்களா? அவங்கதான்.

இல்ல சார், நீங்க போய் அனுப்பி வைக்க வேண்டாம். இருங்க, இந்தக் கையுறையைக் கழட்டிக்கறேன். நானே வந்து கூப்பிடறேன்.